ரேடார் அலமாரியும் எதிர்மேட்டுக் கோபுரமும்

வாசகி கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். என் கணவர் 1976 முதல் 1991 வரை விமானப்படையில் ரேடார் மெக்கானிக்காக இருந்தார். 46 வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை வந்து அறுவை செய்துகொண்டார். ரேடார் பக்கத்தில் நிற்கும்போது தலைக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்கும் என்பார், நாங்கள் நம்பியதில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு எதிர்மேட்டில் செல்போன் டவர் வந்திருக்கிறது. இந்த அலைகள் மனிதரை என்ன செய்யும் என்பது அமெரிக்க, ரஷ்ய ராணுவங்களுக்கு எழுபது ஆண்டுகளாகத் தெரியும், மறைத்துவிட்டார்கள் என்று மகன் ஒரு வீடியோவைக் காட்டினான். ஜன்னல்களுக்குச் செம்புவலைத் திரை போட சேலத்தில் ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். கணவரின் கண் ரேடாரால்தான் கெட்டதா? ஆபத்து இல்லையென்றால் ராணுவம் ஏன் ஆராய வேண்டும்? திரை போடலாமா, வீட்டையே மாற்றிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றுகிறேன். கண் மருத்துவர் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலையாக உங்கள் கணவரிடம் போய், அவர் கேட்ட சத்தம் உண்மைதான் என்று சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே ரேடார் அருகே வேலை செய்தவர்கள் இதைச் சொல்லிவந்தார்கள். அவர்களையும் யாரும் நம்பவில்லை. 1961-ஆம் ஆண்டு வாக்கில் ஆலன் ஃபிரே என்ற அமெரிக்க ஆய்வாளரிடம் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் இதைச் சொன்னபோது, அவர் அதைத் தள்ளிவிடாமல் தாமே ரேடார் முன் போய் நின்று கேட்டுப்பார்த்தார். அவருக்கும் கேட்டது. 1962-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். காரணம் பிறகுதான் தெளிவாயிற்று. ரேடார் தன் அலையை ஒரே சீராக விடுவதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான சிறு துடிப்புகளாக விடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் தலையின் திசுவை ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டும் சூடாக்குகிறது. அவ்வளவு சிறிய சூடுதான் என்றாலும், அது கண நேரத்தில் ஏறுவதால் திசு சட்டென்று விரிந்து, அந்த விரிவு ஓர் ஒலி அலையாகி, எலும்பின் வழியாக உட்செவியை எட்டுகிறது. 1974-இல் ஃபாஸ்டர், ஃபிஞ்ச் என்ற இருவர் இதைத் தண்ணீரில் சோதித்தார்கள். தண்ணீரை 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தபோது ஒலி மறைந்துவிட்டது. அந்த வெப்பநிலையில் தண்ணீர் சூட்டுக்கு விரிவதில்லை என்பதே காரணம். மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்ட ஒரு சத்தத்துக்கு இவ்வளவு துல்லியமான விளக்கம் கிடைத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

துடிப்பு நின்றால் இந்தச் சத்தமும் நின்றுவிடும். ஆகவே அவருக்கு இப்போதும் காதில் இரைச்சல் இருந்தால் அது வேறு. ரேடார் வண்டிகளின் ஜெனரேட்டரும் குளிரூட்டும் விசிறியும் பதினைந்து ஆண்டுகள் காதருகே ஓடியதால் அது வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செவித்திறன் சோதனை செய்துகொள்ளட்டும்.

ஆபத்து இல்லையென்றால் ராணுவம் ஏன் ஆராய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வலுவான அலையில் ஆபத்து உண்டு, அதனால்தான் ஆராய்ந்தார்கள். உலகில் மிக வலுவான நுண்ணலை (மைக்ரோவேவ்) கருவிகள் முதலில் ராணுவங்களிடம்தான் இருந்தன. அவற்றின் முன் நின்றவர்களும் அவர்களுடைய ஆட்களே. ஆண்மை போய்விடும், தலைமுடி கொட்டும் என்ற அச்சம் அமெரிக்க மாலுமிகளிடையே போர்க் காலத்திலேயே இருந்தது. 1953-இல் ஹெர்மன் ஷ்வான் என்ற உயிர் இயற்பியலாளர் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு வரம்பைப் பரிந்துரைத்தார்: உடம்பின் மேல் விழும் அலை சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. உடம்பு எவ்வளவு கூடுதல் சூட்டை வியர்வையாலும் ரத்த ஓட்டத்தாலும் வெளியேற்ற முடியும் என்ற கணக்கிலிருந்து பிறந்த எண் அது. 1957 முதல் 1960 வரை அந்நாட்டின் முப்படைகளும் சேர்ந்து விலங்குகளில் சோதனைகள் நடத்தியதும் பெரும்பாலும் இந்தச் சூட்டைப் பற்றித்தான்.

அந்தச் சூடு எப்படிப்பட்டது என்பதை எங்கள் மருத்துவமனையின் பிசியோதெரபி அறையிலேயே பார்க்கலாம். மூட்டுவலிக்கு டயாதெர்மி கொடுக்கும்போது, தோலைத் தாண்டி உள்ளே சூடேற்றுவது ரேடியோ அலைதான். சிகிச்சை தொடங்குமுன் செவிலியர் ஒருவர் நோயாளியின் வளையலையும் தாலிச் சரட்டின் உலோகக் குண்டுகளையும் கழற்றச் சொல்வார். பிறகு துண்டால் முழங்காலின் வியர்வையைத் துடைப்பார். ஒரு வியர்வைத் துளி நின்றாலும் அந்த இடத்தில் சூடு குவிந்து தோல் பொரிந்துவிடும். சுவிட்சைப் போட்டதும் அவர் ஓரடி, ஈரடி அல்ல, ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பார். நோயாளிக்கு மருந்தாக இருக்கும் அதே அலை, ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்கும் அவருக்கு மிகக் குறைந்த அளவே போய்ச் சேர்கிறது. இந்தத் துறையில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லுமுன் நான் கேட்பது இதைத்தான்: எவ்வளவு, எத்தனை தூரத்தில், எவ்வளவு நேரம்?

இனி உங்கள் மகன் பார்த்த வீடியோவின் விஷயத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மீது சோவியத் தரப்பு 1950-களிலிருந்து 1970-களின் பிற்பகுதி வரை நுண்ணலைக் கற்றையைச் செலுத்திவந்தது. அமெரிக்க அரசின் உயர் மட்டத்துக்கு அது பல ஆண்டுகளாகத் தெரியும். அங்கே பணியாற்றிய ஊழியர்களுக்கோ 1976-இல்தான் சொன்னார்கள். அதற்கு முன் 1960-களில், வைரஸ் ஆய்வு என்று பொய் சொல்லி அவர்களிடமிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1965-இல் ‘பண்டோரா’ என்ற ரகசியத் திட்டம் தொடங்கியது. மாஸ்கோவில் விழுந்ததைப் போன்ற அலையைக் குரங்குகள் மீது செலுத்தி, பழக்கிய வேலைகளை அவை செய்வதில் தடுமாற்றம் வருகிறதா என்று பார்த்தார்கள். திட்டத்தை நடத்திய அதிகாரி ஒருவர் பாதிப்பு உண்டு என்றே முடிவு கட்டினார். தரவுகளை மீண்டும் பார்த்த அறிவியலாளர் குழு அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் திட்டம் முடிந்தது.

ஒரு மனிதரின் உடம்பில் என்ன படுகிறது என்பதை அவரிடமே மறைத்தது பெரும் தவறு. எங்கள் எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் கடைநிலை ஊழியர்கூட மார்பில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வாங்கிய அளவு என்ன என்று அறிக்கை வருகிறது, அதைக் கேட்டுப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை மாஸ்கோவில் மறுக்கப்பட்டது. ஆனாலும் மறைத்தார்கள் என்பதால் மட்டுமே, மறைத்த பொருள் கொடியது என்று ஆகிவிடாது. எது எவ்வளவு இருந்தது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தூதரகத்தில் பதிவான உச்ச அளவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 மைக்ரோவாட் (ஆயிரம் மைக்ரோவாட் ஒரு மில்லிவாட்). பெரும்பாலான ஆண்டுகளில் 5 மைக்ரோவாட் அளவில்தான் இருந்தது. சோவியத் ஒன்றியம் தன் தொழிலாளர்களுக்கு வைத்திருந்த வரம்பு 10 மைக்ரோவாட். அமெரிக்க வரம்பு அதைப் போல ஆயிரம் மடங்கு. தலைவலி, களைப்பு, தூக்கமின்மை என்று ரேடியோ அலைக்கருகே வேலை செய்தவர்கள் சொன்ன முறையீடுகளைச் சோவியத் மருத்துவர்கள் நோயாகவே பதிவு செய்தார்கள். சூடேற்றாத அலையால் நோய் வராது என்று அமெரிக்கர்கள் கருதினார்கள். ஆயிரம் மடங்கு இடைவெளி அங்கிருந்து வந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2012 செப்டம்பர் முதல் செல்போன் கோபுரங்களுக்கான வரம்பைப் பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சதுர சென்டிமீட்டருக்கு 45 மைக்ரோவாட். அதாவது மாஸ்கோவில் உலகையே பரபரப்பாக்கிய அலை, அந்த வரம்புக்கு உள்ளேதான் இருந்தது.

அப்படியானால் நம் வரம்பும் போதாதோ என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியே 1978-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லிலியன்ஃபெல்ட் குழு, மாஸ்கோவில் பணியாற்றிய 1,827 பேரையும் கிழக்கு ஐரோப்பாவின் பிற தூதரகங்களில் பணியாற்றிய 2,561 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மாஸ்கோ ஊழியர்களிடம் அலையால் வந்தது என்று சொல்லத்தக்க நோய் எதையும் அந்தக் குழு உறுதியாகக் காணவில்லை. அவர்களில் பலர் இளவயதினர். தொடர்ந்து கவனித்த ஆண்டுகளும் குறைவு. ஆகவே மெதுவாக வரும் நோய்களைப் பற்றி அந்த ஆய்வு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கணவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு ஒன்று உண்டு. கொரியப் போர்க் காலத்தில் ரேடாருடன் பணியாற்றிய 40,581 அமெரிக்கக் கடற்படையினரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்த இறப்பு பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. மூளைக் கட்டி கூடவில்லை. ஆனால் விமான மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்தவர்கள் என்ற ஒரு பிரிவில் மட்டும் ஒருவகை ரத்தப் புற்றுநோய் இரு மடங்காகத் தெரிந்தது. பிற பிரிவுகளில் அது தெரியவில்லை. பழுதுபார்த்த அந்தப் பிரிவினரிடம் மட்டும் ஏன் என்ற கேள்விதான் என்னை உங்கள் கணவரின் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

நுண்ணலையால் கண்புரை வர முடியும். விழிவில்லையில் ரத்த ஓட்டம் இல்லாததால் அது வாங்கிய சூட்டை எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் முயல்களின் கண்ணில் புரை உண்டாக்க, சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட அலையை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பாய்ச்ச வேண்டியிருந்தது. குரங்குகளுக்கோ முகம் சுட்டுப்போகும் அளவில்கூடப் புரை வரவில்லை. சுழலும் ஆண்டெனாவுக்குக் கீழே நடந்துபோனவருக்கு அவ்வளவு கிடைத்திருக்காது.

ஆனால் மெக்கானிக் ஆண்டெனாவுக்குக் கீழே மட்டும் நடப்பவர் இல்லையே. அவர் அலமாரியைத் திறப்பவர். பழைய ரேடார்களின் டிரான்ஸ்மிட்டர் அலமாரிக்குள் பல்லாயிரம் வோல்ட்டில் ஓடும் வால்வுகள் இருந்தன: கிளைஸ்ட்ரான், மேக்னெட்ரான், அவற்றுக்குத் துடிப்பைக் கொடுக்கும் தைரட்ரான். அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதினால் எக்ஸ் கதிர் பிறக்கும். எங்கள் மருத்துவமனை எக்ஸ்ரே குழாயில் நடப்பதும் இதுவேதான். எங்கள் குழாயைச் சுற்றி ஈயம் இருக்கிறது, அந்த அலமாரிக்கு இரும்புக் கதவு மட்டுமே இருந்தது. கதவைத் திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை அமுக்கிக் கட்டிவைத்துவிட்டு, ஓடும் கருவியின் முன் முகத்தை வைத்து அளவெடுப்பது பல நாட்டுப் படைகளிலும் நடந்தது. ஜெர்மனியில் முன்னாள் ரேடார் வீரர்கள் நெடுங்காலம் போராடிய பிறகு, அரசு அமைத்த வல்லுநர் குழு 2003-இல் இதையே முக்கியக் காரணமாகச் சொல்லி, புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் ஈட்டுத்தொகை பெறும் வழியைத் திறந்துவிட்டது. ஊரெல்லாம் ஆண்டெனாவைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, ஆபத்து அலமாரிக்குள் இருந்தது. இந்த ஒரு செய்தி உங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனவே அறுவை செய்த மருத்துவமனையிலிருந்து பழைய குறிப்பின் நகலை வாங்குங்கள். புரை விழிவில்லையின் பின்புற உறையை ஒட்டித் தொடங்கியதாக எழுதியிருந்தால் அது எக்ஸ் கதிரோடு பொருந்தும். ஆனால் சர்க்கரை நோய்க்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்துக்கும்கூட அதே இடத்தில் புரை வரும். ஆகவே அது தனித்து நிற்கும் சாட்சி ஆகாது. அவரிடம் உட்கார்ந்து, எந்த ரேடார், எந்த ஆண்டுகள், கதவைத் திறந்து வேலை செய்ததுண்டா, நாளுக்கு எத்தனை மணி நேரம், பேட்ஜ் எதுவும் கொடுத்தார்களா என்று கேட்டு அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அந்தத் தாளையும் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால், பணியால் வந்த பாதிப்பு என்று மனுச் செய்யும் முறையைச் சொல்வார்கள். மனு எளிதில் வெல்லும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கண் ஒருபுறம் இருக்க, ஆண்டுக்கொருமுறை முழு ரத்த எண்ணிக்கைச் சோதனையைத் தம் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளட்டும். அச்சத்தால் சொல்லவில்லை, செலவு குறைந்த முன்னெச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

இந்த அலைகளை ஆயுதமாக்கும் முயற்சியும் உண்மைதான். அமெரிக்கப் படையிடம் 95 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குறிபார்த்து அனுப்பும் கருவி ஒன்று உண்டு; அது தோலில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இறங்கி, தாங்க முடியாத எரிச்சலை உண்டாக்கிக் கூட்டத்தை விலகச் செய்கிறது. 2010-இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய்ப் பயன்படுத்தாமலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2016 முதல் கியூபாவின் ஹவானாவில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்கு வந்த தலைச்சுற்றலுக்கும் காதிரைச்சலுக்கும் துடிப்பு அலையே பொருத்தமான காரணம் என்று 2020-இல் ஓர் அறிவியலாளர் குழு சொன்னது. 2023-இல் அந்நாட்டு உளவு அமைப்புகளில் பெரும்பாலானவை எதிரி நாட்டின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றன. இவை எவையும் எதிர்மேட்டுக் கோபுரத்தோடு சம்பந்தப்பட்டவை அல்ல. அந்த ஆயுதம் பெரிய வண்டியில் ஏற்றிச் செல்லும் அளவு மின்சக்தியை ஒரே கற்றையில் குவிக்கிறது. கோபுரம் ஒரு சிறு அளவை ஊர் முழுவதற்கும் பரப்புகிறது.

கோபுரத்தைப் பற்றி மலைவாசிகளுக்கு மட்டும் உரிய ஒரு விவரம் உண்டு. சமவெளியில் கோபுரத்தின் காலடி விளக்கடி இருட்டைப் போன்றது. அலை தலைக்கு மேலே கிடைமட்டமாகப் போய்விடும். ஏற்காட்டிலோ, எதிர்ச்சரிவில் உள்ள வீடு ஆண்டெனாவின் உயரத்துக்கே நேராக அமைந்துவிடக்கூடும். அதனால்தான் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று இங்கிருந்தபடியே சொல்ல மனம் வரவில்லை. அளந்துதான் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மஞ்சக்குட்டைப் பக்கம் இப்படி நேரெதிரே இருந்த ஒரு வீட்டில் அளந்தேன். திண்ணையில் நின்று கோபுரத்தை நோக்கி மீட்டரைப் பிடித்தபோது அது ஒரு மைக்ரோவாட்டைத் தொடவில்லை. வீட்டம்மா காப்பி சூடாக்க மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டார். சமையலறை வாசலிலேயே எண் பல மடங்கு ஏறியது. பிறகு அவர் மகளுக்கு போன் செய்தார். கைப்பேசியின் பக்கத்தில் பிடித்தபோது மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்து, அவர் போனைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினார். நான் அதுவரை எதுவும் சொல்லவில்லை.

சிக்னல் குறைந்த இடத்தில் கைப்பேசி தன் அலையின் வலுவைக் கூட்டிக்கொள்ளும். கோபுரம் பக்கத்தில் வந்தால் குறைத்துக்கொள்ளும். ஆகவே தலைக்கருகே விழும் அலை, கோபுரம் வந்த பிறகு உங்கள் வீட்டில் குறைந்திருக்கவே வாய்ப்பு. ஜன்னலெல்லாம் செம்புவலை போட்டால், உள்ளே இருக்கும் போன் வெளியே எட்டிப்பிடிக்க மீண்டும் வலுவைக் கூட்டும். 18,000 ரூபாயை அதற்குக் கொடுக்க வேண்டாம். மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் பகுதிக் கோபுரத்தின் விவரத்தைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தினால் தொலைத்தொடர்புத் துறை அலுவலர்களே வந்து உங்கள் வாசலில் அளந்து அறிக்கை தருவார்கள். அந்த எண் வரம்புக்குள் இருந்தால் வீட்டை மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தாண்டியிருந்தால் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டே நடவடிக்கை கோரலாம்.

மார்கழியில் பழம் பறிக்கும் நாட்களில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு வேலையாக மலையேறுவேன். இதழாசிரியர் வழியாக முகவரியைத் தெரிவித்தால், மீட்டருடன் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கணவர் எழுதிவைத்த தாளையும் அன்றே பார்த்துவிடலாம். எந்த வால்வு, எத்தனை ஆயிரம் வோல்ட் என்பது அவருக்கு நினைவிருந்தால் அதையும் அதில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.